பட்டை

ஈரோட்டில் பதினோரு ராத்திரி நடந்தது இந்த வழக்கு.
சாப்பாடு, குடி, கூத்து எல்லாம் சேர்த்து ஒரே விலை விடுதியா,
அடுப்போடு ஒரு வாடகை வீடா.
திருமூர்த்தி கட்டம் போட்டுக் கூட்டினார்:
நாலு பேர், ஏழு நாள், மூணு வேளை.
கபிலன் கோழி என்றால் எழுந்து நிற்பான்,
தாரிகா தயிர்சாதத்தைத் தாண்டமாட்டாள்,
எனக்கு வெள்ளி, செவ்வாய் சைவம்.
இந்த வயிறுகளுக்கா பத்து வகை மீன் என்றார்.
வீடென்றால் மிச்சம் அறுபத்தெட்டாயிரம்.

விளம்பரத்தில்
சமையலறை வசதி உண்டு என்று போட்டிருந்தது.
யாருக்கு வசதி என்று போடவில்லை.

நானும்தான் தலையாட்டினேன், பொய் சொல்லக்கூடாது.
கூட்டுறவு வங்கியில் அது என் ரெண்டு மாசச் சம்பளம்.
பட்டை, கிராம்பு, சாம்பார்ப்பொடி
துணிகளுக்கு நடுவே பொதிந்து
மொரீஷியஸ் சுங்கத்தில் நெஞ்சு படபடக்க நின்றவளும் நான்தான்.

ஃப்ளிக் என் ஃப்ளாக்.
பெயரைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.
சவுக்குமரங்களுக்கு அந்தப்பக்கம் கடல்.
இந்தப்பக்கம், குக்கர் இல்லாத அடுப்படி;
சூடேறுவதற்குள் பசி ஆறிவிடும் ஒரு மின்னடுப்பு.
துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் கொதித்தது.
அதற்குள் அவர்கள் மூவரும்
சூரியன் விழுவதைப் பார்த்துவிட்டு வந்து
எனக்குப் போனில் காட்டினார்கள்.

காய்கறி வண்டிக்காரர் பெயர் சூப்பிராயன்.
முருங்கைக்கீரையைத் தூக்கிக் காட்டி
ப்ரெட் முரூம் என்றார்.
பெயரில் நம்ம ஆள், பேச்சில் இல்லை.
எடை போட்ட பிறகு
ஒரு கைப்பிடி கூடப் போட்டதில் மறுபடி நம்ம ஆள்.

அடுத்த விடுதிக்காரர்கள்
மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டையோடு மணலில் நடந்தார்கள்.
அம்மா, அவங்களுக்கு ஐஸ்கிரீம் சும்மாவே தர்றாங்க.
சும்மா இல்லை கண்ணு, முன்னாடியே கட்டிட்டாங்க.
அப்ப நாம ஏன் முன்னாடியே கட்டலை?
திருமூர்த்தி அலையைப் பார்த்தார்.

நாலாம் நாள்
பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை
அவர் கட்டம் போட்ட தாளின்மேல் வைத்துவிட்டு
செருப்பை மாட்டினேன். ஒன்றும் பேசவில்லை.
ஒருநாள் சீட்டு அந்த விடுதியில் உண்டு;
நாலு பேருக்கும் பட்டை ஒட்டினார்கள்.

கட்டினதை எடுக்கணுமே என்று தின்றோம்.
கபிலன் எட்டு ஜூஸ்,
திருமூர்த்தி ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் வரவு வைத்தார்.
தாரிகா, இருநூறு பதார்த்தங்கள் நடுவே
தயிர் எங்கே என்று அழுதாள்.
நான் சாய்வுநாற்காலியில் படுத்து
எழுந்திருக்காமல் இருந்தேன்.
அது பசியைவிடக் கஷ்டம்;
அரைமணிக்கொரு தரம் கை
எதையோ கிளற நீண்டது.

தட்டு எடுக்க வந்தவள் சட்டையில் வைதெலிங்கம் என்றிருந்தது.
மணிக்கட்டில் பட்டை இல்லை, கடிகாரம் இருந்தது.
பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், கொஞ்சம் உதிர்ந்து வந்தது:
ஆறு மணி முடிது. பிறகு பஸ். பிறகு வீடு, சமைக்கணும்.
எத்தனை பேருக்கு என்றேன்.
எனக்குச் சாதம் வைத்துக்கொண்டே
இடக்கையின் ஐந்து விரலையும் காட்டினாள்.

அவள் தட்டில் பரிமாறியதை
நான் மிச்சம் வைக்கவில்லை.
அதைத் தவிர என்னால் அங்கே
வேறென்ன செய்யமுடியும் என்று தெரியவில்லை.

ராத்திரி யாருக்கும் பசியில்லை.
பட்டை இழுத்தும் அறுபடவில்லை,
கத்தரிக்கோல் சமையலறை இழுப்பறையில் என்றேன்.
எந்த இழுப்பறை என்றார் திருமூர்த்தி.
நாலு நாளாய் அந்த வீட்டில் இருக்கிறார்.
தேடட்டும் என்று பால்கனியில் உட்கார்ந்திருந்தேன்.
ஒன்றைத் திறந்தார், மூடினார்.
அடுத்ததைத் திறந்தார்.
உள்ளே கரண்டிகள் கலகலத்தன.
கடல் இருட்டில் இருந்தது,
சத்தம் மட்டும் வந்தது.